கொம்பு விரியன் பெயர் பெற்ற வரலாறு

எகிப்தியரின் பண்டைச் சித்திர எழுத்துக்களுள் ‘ஃப்’ என்னும் ஒலியைக் குறிப்பது ஒரு பாம்பின் உருவம். அதன் தலையில் இரு சிறு கொம்புகள் தெளிவாகத் தோன்றும். வட ஆபிரிக்கப் பாலை நிலங்களில் இன்றும் வாழும் கொம்பு விரியனே அப்பாம்பு. சில கல்லறைகளில் இவ்வெழுத்தைப் பொறித்தோர் பாம்பின் உடலை இரண்டாகத் துணித்தாற்போல் இடைவெளி விட்டுப் பொறித்தனர். எழுத்திலுள்ள பாம்பும் இறந்தவரைத் தீண்டிவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் கூறுவதோ வேறு. தீபஸ் நகரின் அயலில் இரு கொம்புடைய சிறு பாம்புகள் உள, அவை புனிதமானவை, மனிதருக்குத் தீங்கு செய்யாதவை, இறந்தால் கோயிலில் அடக்கஞ் செய்யப்படுபவை என்கிறார் அவர். உரோம அறிஞர் பிளினி, அப்பாம்பு மணலுக்குள் உடலை மறைத்துக் கொம்புகளை மட்டும் அசைத்துப் பறவைகளை ஈர்க்கும் என்றார். கொம்புகள் பெரும்பாலும் நான்கு என்றும் எழுதினார்! பிளினி பிழைத்தது கொம்பின் எண்ணிக்கையில். மணலில் மறைந்து இரைக்காகக் காத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் நஞ்சைப் பற்றிய மட்டில், ஹெரொடோட்டஸின் கூற்றினும் எழுத்தைத் துணித்த கல்தச்சனின் அச்சமே நம்பத்தக்கது.

நேயர்களே, இப்பாம்பு விஞ்ஞானப் பெயர் பெற்ற கதையில் ஓர் இளைஞனின் மரணமும் கலந்திருக்கிறது. சுவீடன் நாட்டு லின்னேயஸின் மாணவர் ஹாசல்குவிஸ்ட் 1749இல் கீழைத்தேயம் புறப்பட்டார். எகிப்திலும் பலஸ்தீனத்திலும் உயிரினங்களைச் சேகரித்தார். 1752இல், முப்பதே வயதில், சிமிர்ணா நகரின் அருகே நோயுற்று இறந்தார். கடன்காரர் அவருடைய சேகரிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டனர். சுவீடன் அரசி லூயிசா உல்ரிக்கா பணங்கொடுத்து அவற்றை மீட்டார். 1757இல் மாணவரின் பயண நூலை ஆசிரியரே பதிப்பித்தார்.

மறு ஆண்டு, 1758இல், லின்னேயஸ் இவ்விரியனுக்கு ‘கொலுபர் செராஸ்டெஸ்’ எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் செராஸ்டெஸ் என்றால் கொம்புடையது என்று பொருள். கொலுபர் என்பதோ நஞ்சுள்ளவையும் இல்லாதவையுமான பல பாம்புகளை அடைத்த பெருஞ்சாக்கு. 1768இல் லாரெண்டி என்பார் செராஸ்டெஸ் என்பதைத் தனிச் சாதியாக்கினார்.

பெயர் பொருத்தமாய்த்தான் தோன்றியது. ஆயினும் கொம்பு நம்பத்தக்க அடையாளமன்று. கண்ணின்மேல் உள்ள ஒரு செதில் நீண்டு நிமிர்ந்ததே கொம்பு. அது நீளாத விரியன்களும் பல. ஒரே தாயின் குட்டிகளிடையேகூடக் கொம்புடையதும் கொம்பற்றதும் காணப்படும். போதாக்குறைக்கு, வேறு பாம்பின் தலையிற் போலிக் கொம்பு செருகிக் காட்டி ஏமாற்றியோரும் எகிப்தில் இருந்தனர்.

கொம்பற்ற விரியனொன்று கையிற் கிடைத்தால் அதனை எவ்வாறு அறிவது? அதே பாலையில் அதன் உறவான மணல் விரியனும் உண்டு. அதற்கும் 1758இல் லின்னேயஸே ‘விப்பெரா’ எனப் பெயரிட்டார். அதற்குக் கொம்பு ஒருபோதும் இல்லை. எனினும் இன்று ‘கொம்புடையது’ என்னும் சாதிப் பெயருக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. உருவிற் சிறிய அவ்விரியனின் கண்கள் தலையின் மேற்புறமாக அமைந்திருக்கும். பெண்ணின் வால் நுனி கறுப்பாயிருக்கும். இரண்டிற்கும் பக்கச் செதில்கள் வாளின் பற்கள் போன்றவை. உடல் மடிப்புக்களை ஒன்றோடொன்று உராய்ந்து ‘சரசர’ என்று ஒலியெழுப்பும். நம் வடபகுதி வறண்ட கரையோரத்துச் சுருட்டை விரியனும் அவ்வாறே ஒலிப்பதால், கேட்டவர்க்கு இது புதிதன்று.

அராபியப் பாலையிலும் கொம்பு விரியன் உண்டு. அது ஆபிரிக்க விரியனே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1967இல் லெவிற்றன், அண்டர்சன் என்னும் இருவர் அதனைத் தனி உபவினமாக விவரித்து ‘காஸ்பெரெற்றி’ எனப் பெயரிட்டனர். பின்னர் அது தனியினமாகவே ஏற்கப்பட்டது. அதிலும் கொம்புடையனவும் அற்றனவும் உள.

இப்பிரிவினை ஏட்டுச் சுரைக்காயன்று. எந்த விரியனின் நஞ்சைக்கொண்டு நச்சுமுறி மருந்து ஆக்கப்பட்டதோ அதன் கடிக்கே அம்மருந்தின் பயன் உறுதியானது. மற்றொன்றின் கடிக்கும் உதவுமா என்பதைத் தனியே சோதித்தே அறிய வேண்டும். ஆதலால், பிடிபட்ட இடத்தையும் செதில் வரிசைகளையும் பதியாமல் ‘கொம்பு விரியன்’ என்று மட்டும் எழுதிய பழைய கண்ணாடிச் சாடியைக் கண்டால், ஆய்வாளர் அதனைத் திறந்து செதில்களை மீண்டும் எண்ணத் தொடங்குகின்றனர்.