தாய்க்கட்டி

"தாய்க்கட்டிய எடுத்துட்டா குட்டிக் கட்டியெல்லாம் தானா வாடிடாதா டாக்டரம்மா?"

மாவட்ட மருத்துவமனையில் அறுவைப் பிரிவு மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கேட்காத குடும்பம் குறைவு. மார்பில் கட்டி என்று வந்திருப்பார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நோய் முதுகெலும்புக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். நான்காம் நிலை. பின்னால் நிற்கும் பெரியவர் ஒருவர், "கத்தி பட்டா பரவிடும், தொடாதீங்க" என்பார். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் என் பணிக்காலம் கழிந்தது. இதே வழக்கு எங்கள் தொழிலுக்குள்ளேயும் நூறாண்டுக்கு மேல் நடந்தது என்பதை அன்று உட்கார்ந்து சொல்ல நேரம் வாய்த்ததில்லை. ஓய்வு பெற்றபின் சொல்கிறேன்.

கத்திக் கட்சியின் தலைவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் ஹால்ஸ்டெட். 1894இல் அவர் தன் அறுவை முறையின் பலனை வெளியிட்டார். மார்பு, அதன் அடியில் இருக்கும் தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே பிண்டமாக எடுத்துவிடுவது அந்த முறை. புற்று அக்கம்பக்கமாக ஊர்ந்துதான் பரவுகிறது, அதனால் வெட்டின் எல்லையைப் பெரிதாக்கினால் நோயை மறித்துவிடலாம் என்பது கணக்கு. அப்படி அறுக்கப்பட்ட பெண்களுக்குத் தோலுக்கு அடியில் விலா எலும்பு தெரியும், கை வீங்கிக்கொள்ளும். முக்கால் நூற்றாண்டுக்கு உலகம் இதைத்தான் செய்தது.

எதிர்க்கட்சியின் குரல் அதற்கு முன்பே கேட்டிருந்தது. 1889இல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். நோய் கண்ட கண்ட இடத்திலெல்லாம் விழவில்லை. சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. விதை எங்கும் பறக்கும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். 1895இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன், அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பிய 33 வயதுப் பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். மார்பைத் தொடவே இல்லை. அங்கிருந்த கட்டிகள் சில மாதங்களில் கரைந்தன. அவர் பிடித்தது கத்திதான். செய்ததோ உடல் முழுவதற்குமான வைத்தியம். ஹார்மோன் சிகிச்சை அங்கே தொடங்குகிறது.

வழக்கைப் பெரிய அளவில் விசாரித்தவர் பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர். தொடக்க நிலை நோயில் பெரிய வெட்டும் சிறிய வெட்டும் ஒரே ஆயுளைத்தான் தருகின்றன என்று 1971இல் தொடங்கிய சோதனையில் காட்டினார். எவ்வளவு வெட்டினோம் என்பது ஆயுளைத் தீர்மானிக்கவில்லை. 1977இல் அமெரிக்காவில் டமாக்சிஃபென் என்ற மருந்து வந்தது, 1998இல் டிராஸ்டுசுமாப். பரவிய நோய் மருந்துக்காரர்கள் கைக்குப் போனது.

அப்போது நாங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டோமா? இல்லை. எங்கள் பேச்சில் 'டாய்லெட் மாஸ்டெக்டமி' என்று ஒன்று உண்டு. பெயர் அழகில்லாதது, வேலை அவசியமானது. சேலைத் தலைப்பை இரண்டு மூன்று சுற்றாக இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் வருவார். தலைப்பை விலக்கினால் உள்ளே பழைய வேட்டித் துணி, அது புண்ணோடு ஒட்டியிருக்கும். சலைன் ஊற்றி நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். வாடை வார்டின் கோடி வரை போகும், பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். மெட்ரோனிடசோல் மாத்திரையை இடித்துப் பொடியாக்கித் தூவி, காஸ் வைத்துக் கட்டுவோம். வாடை அடங்கும், மறுபடி வரும். ரத்தக்கசிவு நிற்காவிட்டால் மார்பை எடுத்துவிடுவோம். அது ஆயுளுக்காக அல்ல, அவர் வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்காக.

2002இல் இந்த எளிய அறுவைக்குத் திடீரென்று பெரிய மவுசு வந்தது. சீமா கான் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவர் குழுவும், கண்டறியும்போதே நான்காம் நிலையில் இருந்த 16,023 பெண்களின் பதிவுகளை அலசினார்கள். மார்புக் கட்டியை முழுதாக எடுத்தவர்களில் 35 சதவீதம் பேர் மூன்றாண்டு கடந்து உயிரோடு இருந்தார்கள். எடுக்காதவர்களில் 17 சதவீதம். தாய்க்கட்டிக் கட்சி வென்றுவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் யாரை அறுத்தார்கள்? இளையவர்களை, நோய் குறைவாகப் பரவியவர்களை, உடம்பு தாங்கும் என்று தோன்றியவர்களை. ஓடக்கூடியவனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, செருப்பால்தான் ஓடினான் என்று சொன்ன கதை.

சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுதான் வழி. அதைச் செய்தது மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை. 2005 முதல் 2013 வரை ராஜேந்திர பட்வே குழுவினர், மருந்துக்கு நோய் கட்டுப்பட்ட 350 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மார்பிலும் அக்குளிலும் அறுவை, பிறகு கதிர்வீச்சு. மறுபாதிக்கு அது இல்லை. 2015இல் முடிவு வெளியானது. அறுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.2 மாதம், அறுக்காதவர்களுக்கு 20.5. மார்பில் நோய் அடங்கியது. ஆனால் தொலைவில் இருந்த நோய் அறுத்தவர்களிடம் சற்று முந்தி வளர்ந்தது. பின்னால் நின்ற பெரியவரை அன்று நினைத்துக்கொண்டேன்.

ஹெர்-2 என்ற வகைப் புற்று இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குரிய மருந்து கிடைக்கவில்லை என்ற குறை அந்தச் சோதனைக்கு உண்டு. துருக்கியில் நடந்த சோதனை ஐந்தாண்டில் அறுவைக்குச் சாதகமாகப் பேசியது. ஆனால் அங்கே இரு பிரிவினரின் நோயும் சமமாக அமையவில்லை. கடைசியில் அமெரிக்காவில் 256 பெண்களிடம் நடந்த சோதனை 2020இல் முடிவு சொன்னது. மூன்றாண்டில் உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் 68 சதவீதம்தான். மார்பில் நோய் வளர்வது மட்டும் அறுத்தவர்களிடம் பாதிக்கும் கீழே குறைந்தது. முடிவை அறிவித்தவர் அதே சீமா கான். தான் ஏற்றிய நம்பிக்கையைத் தானே சோதித்து, இல்லை என்று தானே சொன்னார். எங்கள் தொழிலில் நான் மரியாதை வைத்திருக்கும் செயல்களில் இது ஒன்று.

ஆகவே, தாய்க்கட்டியை எடுத்தால் குட்டிகள் வாடுவதில்லை. நான்காம் நிலையில் மருந்துதான் முதலில். புண், கசிவு, வாடை என்று வந்தால் கத்திக்கு அங்கே நியாயமான வேலை உண்டு. ஒன்றை மட்டும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதெல்லாம் கண்டறியும்போதே பரவிவிட்ட நோய்க்கு. பரவாத கட்டியைக் கத்தி குணமாக்க முடியும். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயந்து மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் என் மேசைக்கு நான்காம் நிலையில் வந்து சேர்ந்தார்கள். கட்டி கையில் தட்டுப்பட்டால் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.