சீன வாசிப்பில் சொல்லறிதலும் உணர்ச்சியும்

உணர்ச்சி சார்ந்த சொல்லறிதல் என்பது, மகிழ்ச்சி, அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகளைத் தாங்கிய சொற்களை வாசிப்பவர் இனங்காணும் முறையும் வேகமும் ஏனைய சொற்களினின்று வேறுபடுவதைக் குறிக்கும். இது உளமொழியியலின் ஆய்வுப் பொருள்களில் ஒன்றாகும். சீன மொழியின் எழுத்துமுறை காரணமாக, அம்மொழி இவ்வாய்வில் தனி இடம் பெறுகின்றது.

அளவிடும் முறை

திரையில் தோன்றும் எழுத்துத் தொடர் உண்மைச் சொல்லா அன்றா என்பதைப் பங்கேற்பவர் பொத்தானை அழுத்தித் தெரிவிப்பார். அதற்கு ஆகும் நேரம் மில்லிநொடிகளில் அளக்கப்படும். பழக்கமான சொற்கள் எவ்வாறாயினும் விரைவில் அறியப்படும். ஆதலால், ஒப்பிடப்படும் சொற்கள் நீளத்திலும் பயன்பாட்டு அளவிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

முடிவுகள்

ஆங்கிலத்தில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், இன்பச் சொற்களும் துன்பச் சொற்களும் நடுநிலைச் சொற்களைவிட விரைவில் அறியப்பட்டன. வேறு சில ஆய்வுகளில் துன்பச் சொற்களுக்குத் தாமதம் காணப்பட்டது. அச்சுறுத்தும் பொருள் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம் எனச் சிலர் கருதுவர். மூளை மின்னலைப் பதிவுகளில், சொல் தோன்றிய 200 முதல் 300 மில்லிநொடிகளுக்குள்ளேயே உணர்ச்சியின் தாக்கம் தென்படுவதுண்டு. சீனச் சொற்களைக் கொண்ட ஆய்வுகளிலும் இத்தகைய தாக்கம் பதிவாகியுள்ளது.

சீன எழுத்தின் தன்மை

சீனத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. சொல்லின் எல்லையை வாசிப்பவரே உய்த்துணர வேண்டும். சினம், அச்சம், வெறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளில் இதயத்தைச் சுட்டும் உறுப்பு உள்ளது. ஆயினும் நினைத்தல், மறத்தல் ஆகியவற்றின் எழுத்துகளிலும் அதே உறுப்பு உண்டு. எனவே அது மனம் சார்ந்த பொருளைச் சுட்டுமேயன்றி, இன்ப துன்பத்தைப் பிரித்துக் காட்டாது. மேலும், 'சிறிய', 'இதயம்' எனும் இரு எழுத்துகள் சேர்ந்தால் 'கவனம்' என்னும் பொருள் பிறக்கிறது.

தமிழுடன் ஒப்பீடு

பழைய தமிழ்க் கல்வெட்டுகளும் பொதுவாகச் சொல் இடைவெளியின்றிப் பொறிக்கப்பட்டவையே. இக்காலத் தமிழில் இடைவெளி உண்டு. எனினும் எழுத்து ஒலியை மட்டுமே காட்டும். 'அச்சு', 'அச்சம்' ஆகியவை ஒரே வகையில் தொடங்குகின்றன. 'அஞ்சினான்', 'அஞ்சான்' ஆகியவற்றில் உடன்பாடும் எதிர்மறையும் ஈற்றுப் பகுதியிலேயே வெளிப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துள்ளது. ஆனால் அவற்றைச் சுட்டும் தனிக்குறி எழுத்தில் இல்லை. ஆகவே சீன ஆய்வு முடிவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. தமிழ்ச் சொற்களைக் கொண்டே தனியாகச் சோதித்தல் வேண்டும்.