விலை முன்கணிப்பு மாதிரிகளின் மதிப்பீடு

பங்கு அல்லது விளைபொருள் விலை ஏறுமா, இறங்குமா என்று கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரிகளைச் சோதிக்கும் முறை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு தருகிறது. கன்னிவாடி விவசாயி அதை நம்பிச் சின்ன வெங்காயம் நடலாமா என்பதும் இத்தகைய சோதனையைப் பொறுத்ததே.

சோதனையில் காலவரிசை குலையக் கூடாது. பழைய விலைகளில் பயிற்றுவித்து, மாதிரி காணாத பிந்தைய மாதங்களில் சோதிக்க வேண்டும். நாட்களைக் கலைத்துப் பிரித்தால் நாளைய விலை பயிற்சிக்குள் நுழைந்துவிடும். அப்போது வரும் உயர்ந்த துல்லியம் வெறும் மாயை. அதேபோல், இன்றைய நிஃப்டி 50 பங்குப் பட்டியலை மட்டும் எடுத்தால், 2009இல் அதிலிருந்து நீக்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் விடுபட்டு முடிவு பொய்யாக மெருகேறும். தரகும் வரியும், ஒட்டன்சத்திரம் சந்தையென்றால் கமிஷனும் வண்டி வாடகையும், கழித்தே ஆதாயம் பார்க்க வேண்டும். ‘நேற்றைய விலையே இன்றும்’ என்ற எளிய கணிப்பை வெல்லாத மாதிரி பயன்படாது.