எஸ்.என்.எம்.பி.

எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை. ரவுட்டர், சுவிட்ச், சர்வர் போன்ற கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து அறியவும் அவற்றின் அமைப்புகளை மாற்றவும் பயன்படுகிறது. ஜெஃப்ரி கேஸ் உள்ளிட்ட நால்வர் வகுத்த இந்நெறிமுறை, 1988இல் ஆர்.எஃப்.சி. 1067 ஆவணமாக வெளிவந்தது.

கருவிக்குள் இயங்கும் சிறு மென்பொருள் ‘முகவர்’. அதனிடம் விவரம் கேட்கும் கணினி ‘மேலாளர்’. கேள்விகள் யு.டி.பி. 161ஆம் போர்ட்டுக்குச் செல்லும். பழுது நேர்ந்தால் முகவர் தானாகவே 162ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் செய்தி ‘டிராப்’. அது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு உறுதியில்லை. ஆகவே டிராப்பை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

கேட்கத்தக்க விவரங்களின் தொகுப்பு ‘எம்.ஐ.பி.’. மரக்கிளைபோல் பிரியும் எண்வரிசையில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் இடமுண்டு. 1.3.6.1.2.1.1.3 என்பது இயங்குநேரம். நொடியின் நூறில் ஒரு பங்காக, 32 பிட்டில் எண்ணப்படுவதால் சுமார் 497 நாளில் அது மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். கருவி அணைந்து எழுந்ததாகப் பலர் ஏமாறும் இடம் இது. தரவை பைட் கணக்கில் எண்ணும் 32 பிட் எண்ணியோ, 1 கிகாபிட் இணைப்பு முழுவேகத்தில் ஓடினால் 34 நொடியிலேயே நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்குப் பொய்க்கணக்கே மிஞ்சும். இதற்காகவே இரண்டாம் பதிப்பில் 64 பிட் எண்ணிகள் வந்தன.

கடவுச்சொல்லாகப் பயன்பட்ட ‘கம்யூனிட்டி’ சொல் பழைய பதிப்புகளில் மறையாக்கமின்றிச் சென்றது. பல கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்றே மாற்றப்படாமல் கிடந்தது பெருங்குறை. 2002இல் முழுத்தரம் பெற்ற மூன்றாம் பதிப்பு, பயனரைச் சரிபார்த்துச் செய்தியை மறையாக்கவும் வழிசெய்கிறது.