ஆள்வோர் மொழியும் அடித்தள மக்களும்

ஒரு நாட்டை வாளால் வெல்லலாம். வாளை மட்டும் கொண்டு நெடுங்காலம் ஆள இயலாது. கணக்கு எழுதவும் கட்டளைகளை நிறைவேற்றவும் ஆட்கள் வேண்டும். அவர்கள் ஆள்வோரின் மொழியை அறிந்தோராகவும், அதனையே உயர்வென எண்ணுவோராகவும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை ஆங்கிலேயர் நன்குணர்ந்திருந்தனர்.

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியரின் கல்விக்கென ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அத்தொகையை வடமொழி, அரபுக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதா என்னும் வாதம் பின்னர் எழுந்தது. 1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய குறிப்பு ஆங்கிலத்தின் பக்கம் நின்றது. குருதியாலும் நிறத்தாலும் இந்தியராகவும், சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராகவும் விளங்கும் ஓர் இடைத்தட்டினரை உருவாக்குவதே தம் நோக்கமென அவர் மறைக்காமல் எழுதினார். மக்கள் பேசும் மொழிகளோ உயர்கல்விக்கு உதவா எனத் தள்ளப்பட்டன. அவ்வாண்டு மார்ச் 7ஆம் நாள் பெண்டிங் பிரபு இக்கொள்கையை அரசாணையாக்கினார். 1844இல் ஹார்டிஞ்சு பிரபு, அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றோருக்கே முன்னுரிமை என அறிவித்தார். அன்றுமுதல் ஆங்கிலம் அறிவு மொழியாக மட்டுமின்றிப் பிழைப்பு மொழியாகவும் ஆயிற்று.

மேல்தட்டினர்க்குக் கல்வியை ஊற்றினால் அது தானே கீழே வடியும் என்றனர் ஆட்சியாளர். வடிவதற்கு நம் சமுதாயம் மணற்பாங்கான நிலமா? சாதி என்னும் பாறை நடுவே கிடந்ததே! 1856இல் தார்வார் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்த மகர் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஒருவன் பொருட்டு ஏனையோர் வெளியேறப் பள்ளி பயனற்றுப்போகும் என்று பம்பாய் அரசும் கைவிரித்தது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் மகாத்மா ஜோதிராவ் புலே இதனைத்தான் எடுத்துரைத்தார். உழவர்தம் உழைப்பால் வரும் வருவாய் மேல்வகுப்பாரின் உயர்கல்விக்கே செலவாகிறது. உழைப்போரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்விகூட இல்லை என்பதே அவருடைய முறையீடு.

இக்கொடுமை ஏட்டோடு நிற்பதன்று. நாடு விடுதலை பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நில வழக்கொன்றில் என் பாட்டனாருக்கு ஆங்கிலத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. எங்கள் சேரியில் அதைப் படிப்பார் ஒருவருமிலர். எதிர்வழக்காடிய பண்ணையாரின் கணக்குப்பிள்ளையிடமே அதனைக் கொண்டுபோய் நீட்டினார். அவர் படித்துச் சொன்னதை நம்பி நிலத்தை விட்டு வெளியேறினார். பல ஆண்டுகள் கழித்து, பள்ளியிறுதி வகுப்பு முடித்த என் தந்தையார் அகராதியை வைத்துக்கொண்டு அக்காகிதத்தைப் படித்தார். நிலத்தில் ஒரு பகுதி பாட்டனாருக்கே உரியது என்று அதில் எழுதியிருந்தது! அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உண்ணவில்லை.

ஆயினும் பூட்டியவன் கையிலிருந்த சாவியையே வாங்கிக் கதவைத் திறந்தவர் நம் முன்னோர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தமிழில் தொடங்கித் தம் மக்களை எழுப்பினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஆள்வோர்முன் நம் குறைகளை எடுத்துரைத்தார். அவருடன் சென்ற அண்ணல் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ இதழை மராத்தியில் நடத்தியவர். 1936இல் சாதி ஒழிப்பு பற்றிய தம் உரையை ஆங்கிலத்தில் நூலாக்கி உலகறியச் செய்தவர். தம் மக்களோடு பேசத் தாய்மொழி, ஆள்வோரிடம் வாதாட ஆங்கிலம் என இரண்டையும் அவர்கள் கைக்கொண்டனர். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட்டாரில்லை.

வெள்ளிவிழாக் காணும் நம் கழகத்தார்க்கும் பெற்றோர்க்கும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் வேண்டுவது இதுவே. ஆங்கிலம் அறியாதவன் அறிவிலி என்று நம் பிள்ளை நாணித் தலைகுனிவானாயின், மெக்காலே இன்னும் ஆள்கிறார் என்றே பொருள். ‘உங்களுக்கு ஆங்கிலம் எதற்கு?’ என்று கேட்போர் தம் பிள்ளைகளை எங்குச் சேர்த்துள்ளார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தமிழில் தெளிவாகச் சிந்திக்கவும், ஆங்கிலத்தில் அஞ்சாது படிக்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோம். நமக்கு வரும் காகிதத்தை இனி நாமே படிப்போம்.