மார்புக்குள் ஓர் எல்லைக்கோடு



காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். அங்கே வீங்குவது நிணநீர் முடிச்சு. உடம்பின் நிணநீரை வடிகட்டும் சாவடி அது. மார்புக்குள்ளும் மூச்சுக்குழலை ஒட்டி இத்தகைய முடிச்சுகள் பல உண்டு. நுரையீரலில் புற்றுநோய் தோன்றினால், அது பரவும் முக்கிய வழிகளுள் இவையும் ஒன்று.

நோய் எந்த முடிச்சு வரை சென்றிருக்கிறது? நுரையீரலின் வாசலோடு நின்றதா, நடு மார்புக்கு வந்ததா, மறுபக்கம் தாண்டியதா? மறுபக்கம் தாண்டியிருந்தால் அறுவைச் சிகிச்சை பொதுவாகப் பயன்தராது. மருந்தும் கதிர்வீச்சுமே வழி. ஆகவே இதை முன்கூட்டியே அறிவது அவசியம்.

சுவீடன் நாட்டு மருத்துவர் கார்லென்ஸ் 1959இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். மார்பைப் பிளக்காமல், கழுத்தின் அடியில் சிறிது கீறி, மூச்சுக்குழலை ஒட்டியே ஒரு குழாய்க் கருவியை இறக்கி, முடிச்சுகளைப் பார்த்துச் சிறு துணுக்கை எடுத்தார்.

எடுத்தது எந்த முடிச்சு என்று சொல்ல வேண்டாமா? ரப்பர்த் தோட்டத்தில் இன்ன நிரை இன்னாருக்கு என்று கங்காணி பிரித்துக் கொடுத்ததை நாம் அறிவோம். அதுபோல ஜப்பானிய மருத்துவர் நருகே, முடிச்சுகள் இருக்கும் இடங்களுக்கு எண்கள் இட்டு, 1978இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் வேறொரு வரைபடம் வகுத்தனர். இரண்டிலும் எல்லைகள் ஒத்துப்போகவில்லை. 1997இல் மவுண்டன், டிரஸ்லர் என்னும் இருவர் இவற்றை ஒன்றாக்க முயன்றனர். அப்போதும் வேற்றுமை முழுவதும் தீரவில்லை.

வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் எல்லை எது? மூச்சுக்குழலின் நடுக்கோடு என்றே பலர் கொண்டிருந்தனர். ஆனால் அங்குள்ள நிணநீர் பெரும்பாலும் வலப்பக்கமே வடிகிறது. ஆதலால் 2009இல் அனைத்துலக நுரையீரல் புற்றுநோய் ஆய்வுச் சங்கம், மூச்சுக்குழலின் இடது விளிம்பையே எல்லையாக வைத்தது.

சில மில்லிமீட்டர் மாற்றந்தானே என்று எண்ணிவிடக் கூடாது. வலது நுரையீரலில் நோயுள்ள ஒருவருக்கு, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம் உள்ள முடிச்சு முன்பு ‘மறுபக்கம்’ எனப்பட்டது. இன்று அது ‘அதே பக்கம்’. நோயின் படிநிலை மாறுகிறது, சிகிச்சையும் மாறக்கூடும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. புகையை விலக்குவோம். இருமல் மூன்று வாரம் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்வோம். எல்லை தாண்டும் முன்னே நோயைக் கண்டுகொள்வதே நலம்.