முத்துப் பாரும் அலைத்தடுப்புச் சுவரும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இடைவெளிகள்தான். 1860 முதல் 1862 வரை மூன்று ஆண்டு. பிறகு 1889 வரை ஒன்றுமில்லை. 1889, 1890. அப்புறம் 1900, 1908, 1914. அதன்பின் 1926 முதல் 1928 வரை. கடைசியாக 1955 தொடங்கி 1961 வரை. நூறு ஆண்டில் குளித்த ஆண்டுகள் இருபதைத் தாண்டாது. மிச்ச எண்பது ஆண்டும் முத்துப் பார்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. என்ன வேலை பார்த்தது?

இதே ஊரில் பின்னால் வந்தது இன்னோர் அலுவலகம்: தூத்துக்குடித் துறைமுகத் திட்டம். கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கு இறக்கிக் கொண்டுவந்த ஊரில், கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் சுவர்களை நீட்டி ஆழ்கடல் துறைமுகம் ஒன்றை எழுப்பியது அது. முன்னதற்கு முடிவே இல்லாத வேலை, பின்னதற்கு முடித்தே ஆகவேண்டிய வேலை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியது, கம்பெனிகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் ‘திட்ட மேலாண்மை அலுவலக முதிர்ச்சி’ என்ற பேச்சு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் வாட்ஸ் ஹம்ப்ரி 1980-களின் பிற்பகுதியில் ஐந்து படிகளை வகுத்தார். முதல் படியில் எல்லாம் ஆளைப் பொறுத்தது. அவர் இருந்தால் வேலை நடக்கும். ஐந்தாம் படியில் அலுவலகமே தன்னை அளந்து திருத்திக்கொள்ளும். மென்பொருளுக்கு வகுத்த இந்த ஏணியைப் பிற்பாடு எல்லா வகைத் திட்டங்களுக்கும் தூக்கிவந்து சாத்தினார்கள். இன்று ஆலோசகர் வருவார், படிவங்களை எண்ணுவார், ‘இரண்டரையாம் படியில் நிற்கிறீர்கள்’ என்பார், பில் அனுப்புவார். அந்த ஏணியில் ஏற்றினால் துறைமுகத் திட்டம் மேலேயும் முத்துப் பார் அலுவலகம் கீழேயும் நிற்கும். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது.

முத்துப் பாரில் வேலை இப்படி நடந்தது. கரையிலிருந்து பல மைல் தள்ளி, பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், தொலாயிரம் பார், குடமுத்துப் பார், நகரைப் பார் என்று பெயர் வைத்த பாறைத் திட்டுகள். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் ஆய்வுப் படகு போகும். குளியாளி கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி ஒரு மூச்சில் அள்ளி வருவதை எண்ணுவார்கள். பல இடத்தில் இறங்கி, ஒரு முழுக்குக்குச் சராசரி எத்தனை சிப்பி என்று கணக்கிட்டால் பாரின் நிறைவு தெரியும். சிப்பியின் அளவையும் எடையையும் வைத்து வயதைச் சொல்வார்கள். மூன்று வயதுக்குள் எடுத்தால் முத்து தேறாது. ஆறு வயதுக்கு மேல் விட்டால் சிப்பியே செத்துப்போகும். நான்கு, ஐந்து வயது என்பதுதான் வாசல்.

தேறும் என்று தோன்றினால் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, காவலில் அழுகவிட்டுக் கழுவுவார்கள். கிடைத்த முத்தை ஓட்டைகளின் எண்ணிக்கையால் பெயர் பெற்ற பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பார்கள். இருபது ஓட்டைச் சல்லடையில் தங்குவது பெரிய முத்து, ஆயிரம் ஓட்டைச் சல்லடையில் தங்குவது பொடி. ஆணி முதல் தூள் வரை தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்பீட்டாளர் சொன்ன பிறகுதான் அறிவிப்பு: எந்தப் பார், எந்தத் தேதி, எத்தனை படகு. அதற்குப் பிறகே படகு முதலாளிகளான சம்மாட்டிகள் வருவார்கள், கரையில் கொட்டகை எழும், வியாபாரிகள் கூடுவார்கள். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கு அன்றன்றைக்கே ஏலம். சுறாவை வாய் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது. நிர்வாகத்துக்கு அதில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, குளியாளிக்கு இருந்தது. அவர் இறங்காவிட்டால் எதுவும் நடக்காது. இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் இடர் மேலாண்மைச் செலவுதான்.

‘கடலில் சிப்பி இல்லை, அதனால் குளிக்கவில்லை, இதில் அலுவலகத்துக்கு என்ன பெருமை’ என்று கேட்கலாம். விடை மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கிறது. இலங்கையில் 1905-ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் அப்போதுதான் ஐந்து தொகுதிகளாகத் தன் ஆய்வறிக்கையை வெளியிட்டுக்கொண்டிருந்தார். அறிவியல் கையில் இருக்கிறது, பணமும் கொட்டுகிறது என்று 1906-ல் ஒரு கம்பெனி இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. வாடகை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1907-க்குப் பிறகு பல ஆண்டுகளுக்குக் குளிக்கச் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் இல்லை. முறைகள், நிபுணர்கள், முதலீடு என முதிர்ச்சிப் பட்டியலில் வரும் எல்லாம் அதனிடம் இருந்தன. பார் வெறுமையாகக் கிடக்கும் ஆண்டைத் தாங்கும் ஏற்பாடு மட்டும் இல்லை.

தூத்துக்குடியில் அந்த ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் சங்கு. முத்து எப்போதாவது வரும். சங்குகுளிப்பு பெரும்பாலும் ஆண்டுதோறும் நடக்கும். சங்கும் அப்போது அரசின் தனியுரிமை. அலுவலகம், கிட்டங்கி, படகு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குளியாளிகள் கலையாமல் இருந்தது அதனால்தான். எடுத்துவந்த சங்குகளை அளவு வளையத்தில் விட்டுப் பார்த்து, சிறியதைத் திரும்பக் கடலில் போடும் பழக்கமும் அங்கே உண்டு. ஹெர்ட்மனின் உதவியாளராக இலங்கைக்கு வந்து பிறகு சென்னை மாகாண மீன்துறைக்கு மாறிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914-ல் சங்கைப் பற்றியும் 1922-ல் இந்திய முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதிய அறிக்கைகள் அந்த அலுவலகத்தின் நினைவைத் தாளில் இறக்கிவைத்தன. அடுத்து வந்த அதிகாரி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பல தலைமுறைக்கு அந்த அலுவலகத்தின் கண் குளியாளியின் கண்தான்; அதிகாரி தண்ணீருக்குள் போனதில்லை. சூரன் என்னும் மட்டி கம்பளம்போல் படர்ந்து சிப்பியை மூச்சுமுட்ட வைப்பதைக் கண்டு வந்து சொன்னவர் பெயர் எந்த அறிக்கையிலும் இருக்காது. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு கடல் உயிரியலாளர்கள் தாங்களே பார்களில் இறங்கிப் பார்த்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான்.

துறைமுகத்தின் கதை வேறு. அது பல பத்தாண்டுகள் கோரிக்கையாகவே கிடந்தது. ஜே.எல்.பி. ரோச் விக்டோரியா போன்ற ஊர்ப் பிரமுகர்கள் விடாமல் தட்டினார்கள். 1955-ல் ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, சேதுசமுத்திரக் கால்வாயையும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் ஒன்றோடொன்று சேர்ந்தவையாகப் பார்த்தது. நிறைவேறியது துறைமுகம் மட்டும். தலைமைப் பொறியாளரும் நிர்வாகியும் ஒருவரே என்ற அமைப்பு. கல்லுக்கும் காசுக்கும் ஒரே மேசையில் கையெழுத்து. வடக்குச் சுவர் 4,098 மீட்டர், தெற்குச் சுவர் 3,873 மீட்டர், நடுவே 1,275 மீட்டர். வடிவமைப்பும் கட்டுமானமும் முழுக்க உள்நாட்டு முயற்சி. 1974 ஜூலை 11-ல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1-ல் பழைய சிறுதுறைமுகமும் புதியதும் இணைந்து துறைமுகக் கழகம் ஆயின. திட்ட அலுவலகத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது: கட்டியதை ஒப்படைத்துவிட்டு, நடத்தும் நிறுவனத்துக்குள் கரைந்துபோனது.

கரைந்ததில்தான் எனக்குச் சந்தேகம். சரக்குப் போக்குவரத்தை நடத்தும் அலுவலகத்துக்குத் தேவைப்படும் அறிவும், ஒரு திட்டம் தொடங்கத் தகுந்ததா என்று சொல்லும் அறிவும் ஒன்றல்ல. அன்று நிறைவேறாமல் நின்ற சேதுசமுத்திரக் கால்வாய்க்கென 2004 இறுதியில் தனிக் கழகம் அமைந்தது. முன்னேற்பாடுகளைச் செய்த முகமை தூத்துக்குடித் துறைமுகக் கழகம். நாக்பூரின் நீரி நிறுவனம் சுற்றுச்சூழல் ஆய்வு செய்தது. 167 கிலோமீட்டர் கால்வாய், 2,427 கோடி ரூபாய். இடையில் 2004 டிசம்பர் ஆழிப்பேரலை. அதையொட்டிய கேள்விகளை 2005 மார்ச்சில் பிரதமர் அலுவலகமே துறைமுகக் கழகத்துக்கு அனுப்பியது. ஜூலை 2-ல் மதுரையில் தொடக்க விழா. 2007-ல் ஆதம் பாலம் என்றும் சொல்லப்படும் ராமர் பாலப் பகுதியில் தோண்ட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மாற்றுப் பாதையை ஆராய்ந்த பச்சௌரி குழு, அது பொருளாதாரத்துக்கும் சூழலுக்கும் ஒத்துவராது என்றது. ராமர் பாலப் பாதையில் திட்டத்தை நிறைவேற்றப்போவதில்லை என்று 2018-ல் மத்திய அரசு நீதிமன்றத்தில் சொன்னது.

இதில் அரசியலும் மதமும் கலந்த பங்கு பெரிது. ஓர் அலுவலகத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் முறையை மட்டும் ஒப்பிடலாம். பாரில் மாதிரிச் சிப்பி கழுவி முடியும்வரை தேதி அறிவிப்பதில்லை. ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று எழுதினால் மாகாண அரசு வருமானத்தை விட்டுவிட்டு அடுத்த ஆய்வுக்குக் காத்திருந்தது. கால்வாயில் ஆய்வும் இருந்தது, அறிக்கையும் இருந்தது. ‘வேண்டாம்’ என்று எழுதும் இடம் எந்தப் படிவத்திலும் இல்லை. கடலடி மண்ணைத் தோண்டிப் போட்ட பிறகு அந்த வேலையை நீதிமன்றம் செய்ய வேண்டியதாயிற்று. ஐந்து படி ஏணியில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்பது என் குறை.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆய்வு நிற்கவில்லை, இடம் மாறியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973-ல் வேப்பலோடையில் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே எடுத்தார்கள். துறைமுகம் 2011-ல் வ.உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 2024 பிப்ரவரியில் சுமார் 7,056 கோடி ரூபாயில் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இம்முறை தனியார் கூட்டு. சரக்கு வருமா, வந்தால் எவ்வளவு என்ற மதிப்பீட்டின் சுமையைக் கூட்டாளியும் அரசும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பித்தளைச் சல்லடைக் கணக்கு அங்கே யார் மேசையில் இருக்கிறது என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.